ஆறுமணிக்குருவிக்கு இரண்டு சாட்சி

எங்கள் வீட்டிலேயே நல்ல கண் என்னுடையதுதான். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. ஏரிக்கு அக்கரையில் தூசி கிளம்பும்போதே வருவது வாலாஜாபாத் பஸ்ஸா தாம்பரம் பஸ்ஸா என்று சொல்லிவிடுவேன். கோயில் கோபுரத்துச் சிலுவையில் உட்கார்ந்திருப்பது காக்கையா கரிச்சானா என்று வாசலில் நின்றபடியே சொல்வேன். இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக, மாதக்கணக்கில் நான் செல்லாக்காசாக இருந்தேன். அந்த வயிற்றெரிச்சலை இன்னும் நான் மறக்கவில்லை.

எல்லாம் ஒரு பறவைப் பட்டியலால் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் அப்போது இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒன்று கத்தோலிக்கக் கன்னியர் நடத்தியது. இன்னொன்று சபைக்காரர்களின், அதாவது புராட்டஸ்டண்டுகளின், மிஷன் பள்ளி. கன்னியர் பள்ளியில் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சிஸ்டர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பறவைப் புத்தகத்தையும் பைனாகுலரையும் விட்டுவிட்டுப் போனார். பெரிய சிஸ்டர் உடனே, தை முதல் மார்கழி வரை ஒரு வருடத்தில் எத்தனை வகைப் பறவை பார்க்கிறோம் என்று சுவரில் அட்டை மாட்டி எழுத ஆரம்பித்தார். மிஷன் பள்ளி சும்மா இருக்குமா? அவர்களும் ஓர் அட்டை மாட்டினார்கள். முதல் வருடம் மிஷன் பள்ளி உப்பங்கழியை விட்டு வராத பூநாரையை நம் ஏரியில் பார்த்ததாக எழுதியது. கன்னியர் பள்ளி மறுவாரமே மலைக்காட்டு இருவாச்சியைப் பார்த்ததாக எழுதியது. எங்கள் ஏரியை அடுத்து வல்லத்துப் பக்கம் இருந்த காப்புக்காட்டில் இருந்தது காரையும் களாவும் ஈச்சம்புதரும்தான். இருவாச்சி உட்காரும் அளவுக்கு உயரமான மரம்கூட அங்கே கிடையாது.

இந்தப் பொய்ப் போட்டிக்கு முடிவு கட்டியவர் என் அப்பா. அப்பா உபதேசியார். பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் கோயிலில் ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு ஞானபாடம் சொல்லித் தருவார். எதற்கும் இரண்டு சாட்சி வேண்டும் என்பது அவருடைய சட்டம். பாலைக் குடித்தது பூனை என்று நான் கண்ணால் பார்த்துச் சொன்னாலும், "ரெண்டாவது சாட்சி யாரு?" என்பார். பூனையைக் கூப்பிட்டா கேட்க முடியும்? அந்தச் சட்டத்தையே இரண்டு பள்ளிக்கும் போட்டுக்கொடுத்தார். இனிமேல் ஒரே பட்டியல். இரண்டு பள்ளியிலிருந்தும் ஒவ்வோர் ஆசிரியர் சேர்ந்து போக வேண்டும். முதலில் காட்டுகிற பள்ளிக்கு அந்தப் பறவை சேரும். ஆனால் எதிர்ப்பள்ளி ஆசிரியரும் அதே நேரத்தில் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால்தான் எழுதலாம். குரலைக் கேட்டது கணக்கில் வராது. சின்னப் பிள்ளைகளின் சாட்சி செல்லாது.

கன்னியர் பள்ளியின் சார்பில் போனது என் அத்தை. அப்பாவின் தங்கை, அங்கேயே டீச்சர். மிஷன் பள்ளியிலிருந்து வந்தவரை நாங்கள் மிஷன் சார் என்போம். உயரமாக, ஒல்லியாக, தலையில் ஒரு நார்த்தொப்பியோடு சைக்கிளில் வருவார். கத்தோலிக்கர் அல்ல என்பதால் அப்பா அவரைப் பதிதர், அதாவது வேதம் தவறியவர், வீட்டுப் பிள்ளை என்பார். கல்யாணம் ஆகாத பெண்ணை அப்படி ஒருவருடன் தனியாகக் காட்டுக்கு அனுப்ப முடியுமா? துணைக்கு நான் போனேன். என்னை அனுப்பலாம் என்று சொன்னது அம்மா.

சனிக்கிழமை சாயங்காலங்களில் போவோம். மிஷன் சார் பொட்டலத்தில் அவித்த வேர்க்கடலை கொண்டுவருவார். அதை முழுசாக என் கையில் கொடுத்து ஒரு பாறைமேல் உட்காரவைத்துவிட்டு, இருவரும் பத்தடி தள்ளி நின்று தேடுவார்கள். தை மாதம் முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது. பஞ்சுருட்டான், பனங்காடை, கொண்டலாத்தி, ஏரியில் கிளுவை வாத்துக் கூட்டம் என்று பட்டியல் வேகமாக ஏறியது. ஒருவர் காட்டினால் இன்னொருவர் உடனே பார்த்துவிடுவார். எனக்கும் பெருமையாக இருந்தது.

மாசி பிறந்ததும் இருவருக்கும் கண் கெட்டுப்போனது.

முதலில் கெட்டது மிஷன் சாருக்கு. ஏரியின் நடுவில் முள்மரத்தில் மஞ்சள்மூக்கு நாரை ஒன்று நின்றிருந்தது. ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும். அத்தை காட்டினாள். சார் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார், தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இல்லையே டீச்சர். யாரோ துணி காயப் போட்டாப்ல இருக்கு. வேணும்னா வர்ற சனிக்கிழமை வந்து பாக்கலாம்" என்றார்.

அந்தத் துணி அப்போது ஒரு மீனை விழுங்கிக்கொண்டிருந்தது. நான் பாறையிலிருந்து கத்தினேன். என் சாட்சிதான் செல்லாதே. அந்த நாரைக்காக மறுபடியும் போனோம், அதற்கும் அடுத்த வாரமும் போனோம்.

பிறகு அத்தைக்குக் கெட்டது. சாருடைய பறவை ஆறுமணிக்குருவி. குளிருக்கு வடக்கேயிருந்து நம் பக்கம் வந்து, பாஸ்கு என்கிற ஈஸ்டர் சமயத்தில் திரும்பிப் போகிற குருவி அது. பச்சை முதுகு, கண்ணை மறைத்து ஒரு கறுப்புக் கோடு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கத்தரித்து விட்டது போன்ற குட்டை வால். இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் இருக்கும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டே விசில் அடிக்கும். அப்போதுதான் கொஞ்சம் வெளியே வரும்.

சிக்கல் அங்கேதான். மாலை ஆறுக்கு எங்கள் கோயிலில் திரிகால மணி அடிப்பார்கள். ஏரித் தண்ணீர்மேல் அந்தச் சத்தம் காடு வரை தெளிவாக வரும். மணி கேட்டால் கத்தோலிக்கர்கள் எங்கே இருந்தாலும் நின்று, கண்ணை மூடி, திரிகால ஜெபம் சொல்ல வேண்டும். அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடுவாள். அதே நேரத்தில் குருவி புதரைவிட்டு வெளியே வரும். சபைக்காரருக்கு அந்த ஜெபம் கிடையாது. ஆகவே சார் மட்டும் கண்ணைத் திறந்தபடி நின்று பார்ப்பார். அத்தை ஆமென் சொல்லிக் கண்ணைத் திறப்பதற்குள் குருவி உள்ளே போயிருக்கும். சில நாள் போகாமல் அங்கேயேகூட நிற்கும்.

"அதோ டீச்சர், ஈச்சம்பொதருக்குக் கீழ."

"எங்க சார்? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"அதோ கீது அத்தே! சருவு மேல பச்சையா நிக்குது பாரு!"

"நீ சும்மா இரு. நீ சொன்னா கணக்குல வராது."

நான் எப்படிப் பார்த்தேன் என்றால், ஜெபத்துக்கு நான் ஒரு கண்ணைத்தான் மூடுவேன். மாதாவுக்கு ஒரு கண், குருவிக்கு ஒரு கண் என்று எனக்குள் ஓர் ஏற்பாடு.

வீட்டில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அத்தை வந்ததும், "இன்னாம்மா, குருவி?" என்பார். "பாக்கல அண்ணா" என்பாள் அத்தை. "அப்படித்தான் இருக்கணும். பதிதங்களுக்கு ஒண்ணுகூட விட்டுக் குடுக்காத" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். தங்கை வேண்டுமென்றே பார்க்கவில்லை என்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. எதற்காக என்பதில்தான் தப்பாகக் கணக்குப் போட்டார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள்.

நானோ இருவருக்கும் கண் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அத்தையை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் அத்தைக்குத் தாம்பரத்தில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். ரயில்வே வேலை, குவார்ட்டர்ஸ், நல்ல கத்தோலிக்கக் குடும்பம். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், பேச்சு மட்டும் நடக்கும். பாஸ்கு முடிந்ததும் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, ஊருக்கு அறிவித்து, கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அப்பா நாள்கூடப் பார்த்துவிட்டார். அத்தைக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. அத்தையும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அப்பா அடுத்த நாளே சனிக்கிழமைப் பயணத்தை நிறுத்தியிருப்பார்.

பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாய்மாமன், அம்மா. மாப்பிள்ளை வந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஓட்டை எண்ணுவது போலக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டே என்னை அருகில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"உங்க அத்த நல்லா சமைப்பாங்களா?"

"சமைப்பாங்க."

"தையல் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். கண்ணுதான் தெரியாது" என்றேன்.

அந்த அம்மாவின் வாயில் முறுக்குச் சத்தம் நின்றது. ஒருவேளை நான் சொன்னது புரியவில்லையோ என்று விளக்கமாகவே சொன்னேன். "பத்தடில குருவி நின்னாக்கூட எங்க எங்கன்னு கேப்பாங்க. நான் காட்டுனாக்கூட தெரியாது. ஒரு மாசமா இப்படித்தான்."

அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "கொழந்த, ஏதோ ஒளறுது" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பொய் சொல்வது பாவம் என்று சொல்லித் தந்தவரே அவர்தானே. மாப்பிள்ளையின் அம்மா அலமாரியிலிருந்த ஜெபப் புத்தகத்தை எடுத்து அத்தையிடம் நீட்டினார். "எங்க, ஒரு ஜெபம் வாசிம்மா, கேக்கலாம்."

அந்தப் புத்தகத்தில் இருப்பது முழுதும் அத்தைக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். அன்று அவள் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். பிறகு மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தாள். சன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் சாய்த்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்து எழுத்தாகக் கூட்டி ஒரு வரி வாசித்து, அதையும் பாதியில் விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னது எவ்வளவு சரி என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மறுவாரம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பெண்மேல் ஒரு குறையும் இல்லையாம், ஆனால் பிறக்கிற பிள்ளைக்கும் அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கிறார்களாம். செய்தி மணிமங்கலம் வரை போய்விட்டது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அத்தை மட்டும் என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துத் தலைபின்னிவிட்டாள். கடையில் தேங்காய் மிட்டாய் வாங்கி வந்து கை நிறையக் கொடுத்தாள். "உன் வாய்க்குச் சக்கரதான்டி போடணும்" என்றாள். கல்யாணம் நின்றதற்கு ஒருத்தி எதற்கு மிட்டாய் வாங்கித் தருகிறாள் என்று நான் கேட்கவில்லை. மிட்டாய் தீர்ந்துவிடும் என்ற பயம்.

அப்பா அத்தையைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினார். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளில் மேல் வரியைத் தவிர அத்தை எதையும் சரியாகச் சொல்லவில்லையாம். தடித்த கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். அதைப் போட்டால் தலை வலிக்கிறது என்று மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, மேல்பக்கமாகப் பார்ப்பாள். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மாவால் முடியாமல் கொடுத்த ஊசியில் ஒரே தடவையில் நூலைக் கோத்துக் கொடுத்தாள். அம்மா ஊசியைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். கிழிசலைத் தைக்க ஆரம்பித்தாள்.

பாஸ்கு வந்து போனது. அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் கடைசி என்றார் மிஷன் சார். குருவி வடக்கே கிளம்பும் நேரம். அவருக்கும் மாற்றல் வந்திருந்தது. பள்ளி அடைத்ததும் திருநெல்வேலிப் பக்கம் போக வேண்டும். அதை அத்தையிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார், அத்தைக்குக் கேட்கிற மாதிரி. அன்று வேர்க்கடலையில் உப்பு அதிகமாக இருந்தது.

நான் பாறையில் உட்கார்ந்தேன். அவர்கள் வழக்கமான இடத்தில் நின்றார்கள். அன்று இருவரும் எதையும் தேடவில்லை. பட்டியலைப் பற்றிப் பேசவும் இல்லை. காற்று விழுந்திருந்தது. முதலில் புதருக்குள்ளிருந்து விசில் கேட்டது. இரண்டாவது விசிலோடு கோயில் மணியும் ஆரம்பித்தது. நான் ஒரு கண்ணை மூடினேன்.

திறந்திருந்த கண்ணால் குருவியைப் பார்த்தேன். அவ்வளவு நாளில் அவ்வளவு தெளிவாக அது வந்ததே இல்லை. வெட்டவெளியில், சருகின் மேல், நெஞ்சை நிமிர்த்தி நின்றது. சந்தோஷத்தில் அத்தை பக்கம் திரும்பினேன். அத்தை கண்ணை மூடவில்லை. முக்காட்டையும் இழுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சார் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

"பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"பாத்தேன்" என்றாள் அத்தை.

"நானும் பாத்தேன்."

குருவி இந்தப் பக்கம் நிற்கிறது. இவர்கள் இருவரும் அந்தப் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பார்த்தேன் பார்த்தேன் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்தபோதெல்லாம் பார்க்கவில்லை என்றவர்கள், பார்க்காதபோது பார்த்தேன் என்று பட்டியலில் எழுதப் போகிறார்கள். இருவாச்சிப் பொய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வீடு வந்ததும் அத்தை கிணற்றடிக்குப் போய்விட்டாள். அப்பா வழக்கம்போலக் கேட்பதற்குள் நானே ஆரம்பித்தேன்.

"குருவியப் பாத்தேன்னு அத்த சொல்லிட்டாங்க. ஆனா அது பொய்ப்பா. எழுதக் கூடாது. அவங்க குருவியப் பாக்கவே இல்ல."

"பின்ன?"

"திரிகால மணிக்கு அத்த கண்ணக்கூட மூடல. சாரையே பாத்துக்கினு இருந்தாங்க. அவரும் அத்தையப் பாத்துக்கினே பாத்தேன்றாரு."

அம்மா அம்மியில் அரைப்பதை நிறுத்தினாள். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார். உதறவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அம்மாதான் பேசினாள்.

"கண்ணு தெரியாத பொண்ண இனிமே எந்த ஊர்க்காரன் கட்டிக்கினு போவான்? அந்த சாருக்குந்தான் நாரைக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரில. ரெண்டும் ஒரே வூட்ல இருந்துட்டுப் போவட்டும், வுடுங்க."

அப்பா சுலபத்தில் விடவில்லை. சாமியாரிடம் போனார், வந்தார், சாப்பிடாமல் படுத்தார். வேறு சபைக்காரரைக் கட்டிவைக்க மேற்றிராணியார் என்கிற பிஷப்பின் அனுமதிக்கு அலைந்ததும் அவர்தான். ஆவணியில் எங்கள் கோயிலில் ஓலை வாசித்தார்கள். மிஷன் சார் எனக்கு மாமா ஆனார். திருநெல்வேலி மாற்றலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருந்தார். தடித்த கண்ணாடியை அத்தை கடைசிவரை மூக்கு நுனியிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். கார்க் கம்பெனிகள் வந்து சாலை அகலமான பிறகும், ஓடுகிற பஸ்ஸிலிருந்து மதில்மேல் இருப்பது வைரியா வல்லூறா என்று அதன் மேல்பக்கமாகப் பார்த்துச் சொல்வாள். பட்டியலைப் பெரிய சிஸ்டர் அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டார். கல்யாணம் ஆனால் இருவர் இருவரல்ல, ஒருவரே, ஆகையால் இனி அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு சாட்சிதான் என்று தீர்ப்புச் சொன்னாராம். ஆறுமணிக்குருவி எந்தப் பள்ளிக்கும் சேரவில்லை.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை காட்டில் குருவியைக் கண்ணாரப் பார்த்தது நான் ஒருத்திதான். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று வீட்டில் அம்மா பேசி முடித்த பிறகு நான் அப்பாவின் எதிரே போய் நின்றேன். ரெண்டாவது சாட்சி யாரு என்று அவர் கேட்பார், இந்தத் தடவையும் என் பேச்சு எடுபடாமல் போகும் என்று அழுகையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கேட்கவே இல்லை. பூனைக்கும் குருவிக்கும் செல்லாத என் சாட்சி அன்று மட்டும் எப்படிச் செல்லுபடியானது என்று, படுக்கப் போகும்போதும் எனக்கு விளங்கவில்லை.